சித்திர மூலங்களைத் திரட்டிய வரலாறும் கரவெட்டியின் கடமையும்

ஓவியத்தைப் போற்றுதல் வேறு. ஓவியம் பிறந்த கடதாசியைப் போற்றுதல் வேறு. முன்னையது எல்லா நாடுகளிலும் தொன்றுதொட்டு நிலவி வருவது. பின்னையதோ, பத்திரிகைச் சித்திரங்களைப் பொறுத்த வரையில், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேதான் ஒரு முயற்சியாக உருப்பெற்றது. படக்கதைகள், கேலிச்சித்திரங்கள், மாயக்கதைகளுக்கென வரையப்பெற்ற ஓவியங்கள், அக்கதைகளிற் கற்பனையாகப் பிறந்த உயிர்களுக்கு உருக்கொடுத்த சிற்பங்கள் ஆகியவற்றின் மூலங்களைத் தேடித் திரட்டிக் காத்தலே அம்முயற்சியாகும்.

மூலம் என்பது யாது? சித்திரகாரர் தம் கையாலே மைதொட்டு வரைந்த தாளே மூலம். அதனைப் புகைப்படமாக்கித் தகட்டிற் பொறித்து ஆயிரக்கணக்கில் அச்சிட்டு எடுத்தவை படிகள். வாசகர் காண்பது படியினையே. மூலத்தைக் காண்போர் சித்திரகாரரும் பத்திராதிபரும் அச்சுக்கூடத்தாருமாகிய ஒரு சிலரே. படி வெளிவந்ததும் மூலத்தின் வேலை முடிந்ததெனக் கருதப்பட்டது. எனவே அது குப்பைக்குச் சென்றது. அன்றேல் மேசை இழுப்பறையிற் கிடந்து மக்கியது. உலகெங்கும் நிகழ்ந்தது இதுவே.

இப்பொருள் யாழ்ப்பாணத்து மாணவருக்குப் புறம்பானதன்று. ஈழத்துத் தமிழ்க் கேலிச்சித்திரக் கலையிற் பெரும்புகழ் ஈட்டிய ‘சிரித்திரன்’ சுந்தர் என்னும் சி. சிவஞானசுந்தரம் வடமராட்சிக் கரவெட்டியைச் சேர்ந்தவர். அவரை முன்னிட்டுச் சித்திர மூலங்களின் வரலாற்றை ஆராய்வது பொருத்தமுடைத்து.

ஏடும் தாளும்

யாழ்ப்பாணத்துக் கல்வி மரபு, திரட்டுதலாலேயே தலைநிமிர்ந்த மரபு. ஆறுமுகநாவலரும், சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஏட்டுச்சுவடிகளை ஊரூராகத் தேடியிராவிடின் இன்று அச்சில் உள்ள நூல்கள் பல செல்லுக்கு இரையாகியிருக்கும். தாமோதரம்பிள்ளை 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடனும், 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஏட்டை அரிய பொருளென மதித்துப் பெட்டியிற் பூட்டி வைத்தவர்கள் அதனைக் காக்கவில்லை. பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் கண்டு வெளியிட்டவர்களே அதனைக் காத்தனர்.

ஆயின் ஏட்டுச்சுவடிக்கும் சித்திர மூலத்திற்கும் ஒரு வேறுபாடு உண்டு. கபிலரோ பரணரோ தம் கையால் எழுதிய ஏடு எதுவும் உலகில் இல்லை. நமக்குக் கிடைத்தவை யாவும் படிக்குப் படியெடுத்த படிகளே. சித்திர மூலமோ ஆக்கியோன் கைபட்ட அதே தாள். அவன் முதலில் பென்சிலால் இட்ட கோடு, பின் அதனை விலக்கி மையால் இட்ட கோடு, வெள்ளைச்சாயம் பூசி மறைத்த தவறு ஆகிய அனைத்தும் அதில் உள. நூலாசிரியன் ஒருவன் தன் பாடபேதங்களைத் தானே எழுதி வைத்துச் சென்றது போன்ற பொருள் அது. இத்தகைய பேற்றினை ஏட்டுச்சுவடி ஆராய்ச்சியாளர் கனவிலும் பெற்றிலர்.

கற்பனை உயிர்களைப் படைப்பதிலும் நம்மவர் எவர்க்கும் பிற்பட்டவர் அல்லர். சிங்க உடலும் யானைத் துதிக்கையும் கொண்ட யாளி, பல விலங்கின் உறுப்புக்கள் ஒன்றாகிய மகரம், பெண்முகமும் பசுவுடலும் மயிற்றோகையும் கொண்ட காமதேனு ஆகியவை திருவிழாக் காலங்களில் நம் வீதிகளிலே உலா வருபவை. மேனாட்டார் மாயக்கதைச் சிற்பம் எனப் பெயரிட்டுக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பார்ப்பதனை, நம்மூர்ச் சிறுவர் வாகனசாலைக் கதவிடுக்கினூடே பார்த்து வளர்ந்தனர். கரவெட்டித் தச்சந்தோப்புப் பிள்ளையார் கோயிலின் பெயரே தச்சரை நினைவூட்டுவதன்றோ!

எனினும் நம் மரபு ஆக்கிய பொருளைப் போற்றியது. ஆக்கும் வழியிற் பிறந்த வரைவைப் போற்றவில்லை. சிற்பாசாரி மரத்தின்மீது இட்ட கோடு உளிபட்ட கணமே மறைந்தது. வண்ணம் மங்கிய வாகனம் மீண்டும் தீட்டப்பெற்றது. பழைய வண்ணம் புதியதன் அடியிலே புதைந்தது. வழிபாட்டிற்கு உரிய பொருள் புதுப்பொலிவுடன் இருத்தல் வேண்டும் என்பது கோயில் நெறி. அந்நெறியைக் குறைகூறுதல் ஆகாது. ஆயினும் அந்நெறியிற் பழகிய சமூகம் ஓவியரின் வரைவுத்தாளையும் எளிதிற் கைவிடும் என்பதை மறத்தலும் ஆகாது.

ஆனந்த குமாரசுவாமி காட்டிய வழி

வரைவுத்தாளின் அருமையை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்தவர் என்பது பலர் அறியாதது. சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வராய் 1877 இல் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, நில ஆராய்ச்சித் துறையிற் பயின்றவர். இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராய் ஊரூராகச் சென்றபோது, கைவினைஞரின் தொழில்கள் அருகி வருவதைக் கண்டார். அக்காட்சியே அவரைக் கலை ஆராய்ச்சியாளராக்கியது. சிங்களக் கைவினைகளைப் பற்றிய அவரது பெருநூல் 1908 இல் வெளிவந்தது.

பின்னர் இந்தியா சென்ற அவர், இராசபுத்திர நாட்டிலும் இமயமலைச் சாரலிலும் கண்ணன் கதையையும் இராமன் கதையையும் வரைந்த சிற்றோவியங்களைத் திரட்டினார். முடிவுற்ற ஓவியங்களோடு அவர் நின்றுவிடவில்லை. ஓவியக்கூடங்களிற் பயன்பட்டுத் தேய்ந்த வரைவுகளையும், பயிற்சிக் கோடுகளையும், படியெடுத்தற்கு உதவிய தாள்களையும் சேர்த்தார். ஓவியர் குடும்பத்தாரே தொழிற்கருவியென்றன்றிக் கலைப்பொருளென்று எண்ணாத தாள்கள் அவை. அவற்றை ஆராய்ந்து 1910 இலும் 1912 இலும் இந்திய வரைவோவியங்களைப் பற்றி இரு தொகுதிகள் வெளியிட்டார். இராசபுத்திர ஓவியத்தைப் பற்றிய அவரது நூல் 1916 இல் இரு பாகங்களாக வெளிவந்தது.

இத்தொகுப்பின் கதி சிந்தித்தற்குரியது. இந்தியாவில் ஓர் அரும்பொருட்சாலை அமையுமாயின் தம் தொகுப்பை அதற்கு அளிக்க அவர் முன்வந்தார். அத்தகைய சாலை அமையவில்லை. 1917 இல் அத்தொகுப்பின் பெரும்பகுதி ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகர்க் கலைக்கூடத்தைச் சென்றடைந்தது; குமாரசுவாமியும் அதனுடன் சென்று, 1947 இல் மறையும் வரை அங்கேயே பணிபுரிந்தார். கண்ணனையும் இராதையையும் வரைந்த கோடுகளை ஆராய விரும்பும் இந்திய மாணவன் கடல்கடந்து செல்லவேண்டியதாயிற்று. திரட்டுவோன் இருந்தான்; ஏற்று வைப்போர் இல்லை. ஒரு நாடு தன் செல்வத்தைப் பகைவரால் மட்டும் இழப்பதில்லை. பாராமுகத்தாலும் இழக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதின்று.

மேனாட்டார் விழித்த கதை

படக்கதையின் தாயகம் எனத்தக்க அமெரிக்காவில் இப்பாராமுகம் நீண்டகாலம் நிலவியது. நாளிதழ்களுக்குப் படக்கதைகளை வழங்கிய நிறுவனங்கள், அச்சேறிய மூலங்களைச் சுமையெனவே கருதின. ‘பீற்றில் பெய்லி’ என்னும் படக்கதையை 1950 இல் தொடங்கிய மோட் வோக்கர், புகழ்பெற்ற ‘கிரேசி கற்’ படக்கதையின் மூலங்கள் நிறுவனமொன்றிலே கசிந்த நீரை ஒற்றப் பயன்படுத்தப்பட்டதைக் கண்டு வருந்தினார் என்பர். அவர் முயற்சியால் 1974 இல் கனெற்றிக்கற் மாநிலத்துக் கிறீனிச் நகரில் கேலிச்சித்திரங்களுக்கென ஓர் அரும்பொருட்சாலை திறக்கப்பெற்றது.

மூலம் யாருக்கு உரியது என்னும் வினா அடுத்து எழுந்தது. வரைந்தவனுக்கா, வரைவித்த நிறுவனத்திற்கா? ‘மார்வல்’ நிறுவனத்தின் வீரகதைகள் பலவற்றை வரைந்த ஜக் கேர்பி என்பவர், தம் மூலங்களைத் திருப்பித் தருமாறு பல ஆண்டுகள் போராடினார். ஏனைய சித்திரகாரர் பலர் அவருக்குத் துணைநின்றனர். 1987 இல் அவர் வரைந்தவற்றுள் ஒரு பகுதியே அவருக்குக் கிடைத்தது. இதற்கு மாறாக, மாயக்கதை நூல்களுக்கு மேலட்டை தீட்டிய பிராங் பிறசெற்றா, அச்சிடும் உரிமையை விற்றாலும் ஓவியத்தைத் திருப்பித் தரவேண்டும் என வற்புறுத்தி வந்தார். அதனாலே அவர் ஓவியங்கள் பல அவர் குடும்பத்தாரிடமே தங்கின. அவர் 1969 இல் ஒரு சஞ்சிகையின் மேலட்டைக்கெனத் தீட்டிய எகிப்திய அரசியின் ஓவியம், 2019 இல் 54 இலட்சம் டொலருக்கு ஏலத்தில் விலைபோயிற்று.

ஐரோப்பாவிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. பெல்ஜிய நாட்டுச் சித்திரகாரர் ஏர்ஜே, ‘ரின்ரின்’ கதைகளுள் ஒன்றாகிய நீலத்தாமரைக்கு 1936 இல் ஒரு மேலட்டை வரைந்தார். அதன் வண்ணங்களை அச்சிடுதற்குச் செலவு மிகுமென அது மறுக்கப்பட்டது. வேறொன்றை அவர் வரைந்து கொடுத்தார். மறுக்கப்பட்ட தாள் பதிப்பாளர் குடும்பத்துச் சிறுவன் ஒருவனுக்கு அளிக்கப்பட்டதென்பர். மடித்து ஓர் இழுப்பறையில் வைக்கப்பட்டுப் பல்லாண்டு கிடந்த அத்தாள், 2021 இல் பாரிசு நகரில் ஏறத்தாழ 32 இலட்சம் யூரோவுக்கு விற்கப்பட்டது. மடிப்பின் தழும்புகள் அதில் இன்றும் உள.

சிற்பத்துறையில் றே ஹரிஹோசன் என்பவர் குறிப்பிடத்தக்கவர். 1920 இற் பிறந்து 2013 இல் மறைந்த இவர், உலோக எலும்புக்கூட்டின்மீது இறப்பர்த் தசை போர்த்துச் சிறு பாவைகளைச் செய்தார். அவற்றை ஒவ்வோர் அசைவாக மாற்றி வைத்துப் படம் பிடித்துத் திரையிலே பூதங்களையும் எலும்புக்கூட்டு வீரரையும் உலவவிட்டார். இறப்பர் காலத்தால் உலர்ந்து வெடிக்கும்; பழைய பாவையின் எலும்பைப் புதிய பாவைக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. எஞ்சியவற்றைக் காத்தற்கென 1986 இலேயே அவர் ஓர் அறநிலையம் அமைத்தார். ஆக்கியோனே காவலனாகிய அரிய நிகழ்ச்சி இது.

ஏலத்தொகைகள் வியப்பைத் தரும். ஆயின் அவை இவ்வரலாற்றின் சாரமல்ல. மில்ற்றன் கனிவ் என்னும் சித்திரகாரரின் தாள்களைக் கொண்டு 1977 இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் ஒரு படக்கதை நூலகத்தைத் தொடங்கியது. வோக்கரின் அரும்பொருட்சாலை இடம்மாறி, இடர்ப்பட்டு, இறுதியில் 2008 இல் அந்நூலகத்திலேயே அடைக்கலம் புகுந்தது. நூலகங்கள் நுண்படச்சுருள் வந்ததும் வீசியெறிந்த பழைய நாளிதழ்களைத் தம் வீட்டிலே குவித்துக் காத்த பில் பிளக்பியட் என்பவரின் திரட்டும் அங்கேயே சென்றது. 75 தொன் எடையுள்ள அத்திரட்டை ஏற்றிச்செல்ல ஆறு பாரவண்டிகள் வேண்டப்பட்டன. தனிமனிதரின் ஆர்வம் தொடங்கி வைத்ததை ஒரு பல்கலைக்கழகம் நிலைபெறச் செய்தது என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்க பாடம்.

தமிழ்நாட்டு நிலை

தமிழ்நாட்டிற் பத்திரிகை ஓவியம் ஆனந்தவிகடன், கல்கி முதலிய இதழ்களால் வளர்ந்தது. மாலி வழிகாட்ட, 1924 இற் பிறந்த கோபுலு தில்லானா மோகனாம்பாளின் மாந்தருக்கு முகம் கொடுத்தார். கல்கியிற் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது மணியம் வரைந்த வந்தியத்தேவனையும் நந்தினியையுமே தமிழர் இன்றும் மனக்கண்ணிற் காண்கின்றனர். 1947 சூலையிற் சென்னையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய அம்புலிமாமா, ஈழத்துச் சிறுவர் இல்லங்களிலும் நுழைந்தது. வாளேந்திய விக்கிரமாதித்தன் வேதாளம் புகுந்த பிணத்தைத் தோளிற் சுமந்து செல்லும் காட்சியை அவ்விதழில் நிலைநாட்டிய ஓவியர் சங்கர் 2020 இல் மறைந்தார். மறுவாண்டு அவருக்குப் பத்மசிறீ விருது அறிவிக்கப்பெற்றது.

1972 இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. இலண்டனில் 1962 முதல் வெளிவந்த படக்கதையின் தமிழாக்கம் அது. அதனை வரைந்தவர் எசூசு பிளாசுக்கோ என்னும் இசுப்பானியர். இசுப்பானியர் வரைய, இலண்டனார் பதிப்பிக்க, சிவகாசியார் தமிழாக்க, யாழ்ப்பாணத்துச் சிறுவன் படித்தான். அவ்விதழ்களின் பழம்படிகளைத் தேடித் திரட்டுவோர் தமிழர் வாழும் நாடுகள் பலவற்றிலும் உளர். அவர்கள் திரட்டுவது அச்சுப்படிகளையே. வேற்றுநாட்டுக் கதையின் மூலம் வேற்றுநாட்டிலேதானே இருக்கும். ஆகவே தமிழ்ப் படக்கதை அன்பருக்கு மூலத்தைத் திரட்டுதல் என்னும் எண்ணமே தோன்றுதற்கு வாய்ப்புக் குறைந்தது. நம் ஊரிலே, நம்மவரைப் பற்றி, நம்மவரே வரைந்த சித்திரங்களைப் பற்றிய நிலை வேறு.

கரவெட்டிச் சுந்தர்

சி. சிவஞானசுந்தரம் 1924 இற் பிறந்தார். கட்டடக்கலை பயிலும் நோக்குடன் பம்பாய் சென்றவர், அங்கே கேலிச்சித்திரக் கலையில் ஈடுபட்டார். அக்காலத்துப் பம்பாய் இந்தியக் கேலிச்சித்திரக் கலையின் களரியாய் விளங்கியது, ஆர். கே. லக்சுமண் அங்குள்ள ஆங்கில நாளிதழொன்றிற் பொதுமனிதனின் கண்ணால் நாட்டை நோக்கிக் கொண்டிருந்தார். கட்டடக்கலைஞனின் அளவுகோலைக் கையிலெடுக்கச் சென்ற கரவெட்டி இளைஞர், மனிதரின் கோணல்களை அளக்கும் தூரிகையுடன் திரும்பினார்.

ஈழத்திலே அவர் தினகரனில் வரைந்த ‘சவாரித் தம்பர்’ அவர் பெயரை நிலைநாட்டியது. சவாரி என்பது யாழ்ப்பாணத்தாருக்கு மாட்டுவண்டிப் பந்தயம். அப்பெயரைக் கேட்டமாத்திரத்தே வாசகர் ஒரு கிராமத்தையும் அதன் மனப்போக்கையும் இனங்கண்டனர். 1960களின் முற்பகுதியிற் ‘சிரித்திரன்’ என்னும் நகைச்சுவைச் சஞ்சிகையை அவர் கொழும்பிலே தொடங்கினார். பின்னர் அது யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்தது. ஆசிரியரும் அவரே; சித்திரகாரரும் அவரே; ‘மகுடி’ என்னும் பெயரில் வாசகரின் வினாக்களுக்கு விடையிறுத்தவரும் அவரே. சின்னக்குட்டி, மைனர் மச்சான், டாமோடிரன் தம்பதியர் எனப் பல பாத்திரங்கள் அவர் கோடுகளில் உயிர்பெற்றனர். தாமோதரன் என்னும் பெயர் நாகரிக மோகத்தால் டாமோடிரன் ஆவதிலேயே ஒரு சமூக வரலாறு அடங்கியுள்ளது. தம் அனுபவங்களைக் ‘கார்ட்டூன் உலகில் நான்’ என்னும் நூலாகவும் தந்தார். 1996 இல் அவர் மறைந்தார்.

அரசர்களின் வரலாற்றைச் சாசனம் சொல்லும். சாதாரண மக்களின் வரலாற்றைச் சொல்லுதற்குச் சாசனம் இல்லை. சீதனப் பேரம், உத்தியோக மோகம், சாதிச் செருக்கு, கொழும்பு நாகரிகம் முதலியவற்றைப் பற்றி அக்காலத்தார் மேடையிற் பேசியவை ஒருவகை. தம்முட் பேசிச் சிரித்தவை வேறொருவகை. பின்னையது கேலிச்சித்திரத்திலேதான் பதிவாகும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் யாழ்ப்பாணம் எதனைக் கண்டு நாணியது, எதனைக் கண்டு நகைத்தது என அறிய விரும்பும் ஆராய்ச்சியாளனுக்குச் சிரித்திரன் ஒரு மூலநூல். ஆகவேதான் அச்சித்திரங்களின் மூலத்தாள் எங்கேனும் ஒன்று கிடைப்பினும் அது வெறும் நினைவுப்பொருளன்று, வரலாற்று ஆவணமாகும்.

மூலம் கற்பிப்பன

அக்காலத்து அச்சுக்கலையைப் பற்றிச் சிறிது அறிந்தாலன்றி மூலத்தின் பயன் விளங்காது. சித்திரம் அச்சில் வேண்டும் அளவினும் பெரிதாக வரையப்பெறும். அதனைப் புகைப்படமாகச் சுருக்கி, துத்தநாகத் தகட்டிலே பதித்து, அமிலத்தில் தோய்ப்பர். கோடில்லாத இடங்களை அமிலம் அரிக்க, கோடுகள் மேடாக நிற்கும். அத்தகட்டை மரக்கட்டையில் அறைந்தாற் ‘புளொக்’ ஆயிற்று. ஈய எழுத்துக்களோடு அதனையும் சேர்த்து முடுக்கி அச்சிடுவர். மெல்லிய கோடுகள் தகட்டில் அழியும்; நெருங்கிய கோடுகள் மையடைத்து ஒன்றாகும்; மலிந்த கடதாசி மையை உறிஞ்சிக் கோட்டைப் பருக்கச் செய்யும். எனவே அச்சிற் கண்ட கோட்டைக் கொண்டு சித்திரகாரரின் கைத்திறனை மதிப்பிடுதல், தேய்ந்த இசைத்தட்டைக் கேட்டுப் பாடகரின் குரலை மதிப்பிடுதல் போலாகும்.

மூலத்தை இனங்காணும் அடையாளங்களும் இம்முறையிலிருந்தே பெறப்படும். அளவிற் பெரிதாயிருத்தல், மையின் அடியிற் பென்சிற்கோடு தென்படல், திருத்திய இடத்தில் வெள்ளைச்சாயம் தடித்து நிற்றல், ஓரத்தில் அச்சுக்காரருக்கு அளவுக்குறிப்பு எழுதியிருத்தல், வேறு தாளில் எழுதிய சொற்கள் ஒட்டப்பட்டிருத்தல் ஆகியன அவற்றுட் சில. அச்சுப்படியிலே கையொப்பம் மட்டும் இட்டதனை மூலமெனக் கொள்ளுதல் தவறு.

காக்கும் முறை கடினமானதன்று. கரிமை நிலைபெறும், சாயமைகளும் நாரெழுதிகளும் ஒளிபட்டால் வெளிறும். ஆதலின் சுவரில் வெயில்படத் தொங்கவிடுதல் ஆகாது. அமிலமற்ற தாளுறையிலே தட்டையாக வைத்தல் நன்று. ஒட்டுநாடா சில ஆண்டுகளிற் பழுப்புக் கறையை விட்டுச் செல்லும். பிளாத்திக்கு உறையிட்டு வெப்பத்தால் ஒட்டுவித்தலோ திருத்தமுடியாத கேடு. கடற்காற்றின் ஈரமும், கறையானும், இராமபாணப் பூச்சியும் வடமராட்சியில் என்றும் உள்ள பகைகள். தாளின் பின்புறத்திலே, எவரிடமிருந்து எப்போது பெறப்பட்டது, எவ்விதழில் வெளிவந்தது என்பதைப் பென்சிலால் மெல்ல எழுதி வைத்தல் வேண்டும். வழிவரலாறு அற்ற மூலம் ஊர்பேரற்ற சாசனம் போன்றது.

யாருக்கு உரியது?

இனி முடிவாக ஒரு வினா எழுகின்றது. மூலங்கள் பிறந்த மண்ணிலே இருத்தல் வேண்டுமா, பாதுகாப்பான இடம் எதுவாயினும் அங்கே இருத்தல் போதுமா?

இவ்வினாவுக்கு யாழ்ப்பாணத்தார் இலகுவில் விடைகூற இயலாது. 1981 சூன் முதலாந் திகதி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்து 97,000 இற்கு மேற்பட்ட நூல்கள் சாம்பராயின. கிடைத்தற்கரிய ஏட்டுச்சுவடிகளும் அவற்றுள் அடங்கும். 1987 இல் வடமராட்சியிலே நிகழ்ந்த இராணுவ நடவடிக்கையின்போதும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஒருசேரப் பெயர்ந்தபோதும் வீடுகள் வெறுமையாயின. கையிற் கொண்ட பையுடன் புறப்பட்ட குடும்பம் உறுதியையும் தாலிக்கொடியையும் எடுத்துச் செல்லுமேயன்றிப் பரணிற் கிடக்கும் சித்திரத்தாளை எடுத்துச் செல்லுமா? குமாரசுவாமியின் திரட்டு பொஸ்ரன் செல்லாது யாழ்ப்பாணத்திற்கு வந்திருப்பின் அதன் கதி யாதாயிருக்கும் என எண்ணும்போது நெஞ்சு நடுங்குகின்றது.

எனினும் பாதுகாப்பு ஒன்றையே கருதின், ஊருக்குத் தன் வரலாற்றைக் கண்ணாற் காணும் உரிமையே இல்லாமற் போகும். பிறர் நாட்டில் உள்ள பொருள் பிறர் வினாவுக்கே விடைகூறும். யாழ்ப்பாணத்தின் பேச்சும் கோபமும் கேலியும் அறிந்தோர் நடுவிலேதான் சவாரித் தம்பருக்குப் பொருளுண்டு. இவ்விரண்டு நெறிகளையும் இணைப்பதற்கு வழி, ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர் காட்டிய வழியே. மூலம் ஊரில் இருக்க, அதன் படிகள் பல நாடுகளிற் பரவியிருத்தல் வேண்டும். 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்திலே சிரித்திரன் இதழ்கள் பல இன்று எவரும் படிக்கத்தக்கனவாய் உள. தீயும் போரும் இனி அவற்றை முற்றாக அழித்தல் அரிது. ஆயின் அங்குள்ளவை அச்சுப்படியின் நிழல்கள். கையால் வரைந்த தாள்களுக்கும் அத்தகைய பணி நிகழ்தல் வேண்டும்.

சட்டத்தையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க இலங்கைப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கியோனின் வாழ்நாளும் அவன் மறைந்தபின் 70 ஆண்டும் பதிப்புரிமை நிலவும். தாளை வாங்கியவன் தாளுக்கே உரியவன். சித்திரத்தை அச்சிடும் உரிமைக்கு உரியவன் அல்லன். திரட்டுவோர் ஆக்கியோன் குடும்பத்தாரை மதித்து நடத்தல் சட்டமும் அறமும் ஆகும்.

இப்பணிக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. கரவெட்டி பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி போன்ற ஆராய்ச்சியாளரைத் தந்த ஊர். விக்கினேஸ்வராக் கல்லூரி விளங்கும் ஊர். கல்லூரி நூலகமொன்றில் ஓர் அலுமாரி, ஒரு பதிவேடு, படமெடுக்கும் கருவி ஒன்று, பொறுமையுள்ள ஆசிரியர் ஒருவர், ஆர்வமுள்ள மாணவர் நால்வர் ஆகியவை போதும். சுந்தரின் கோடுகளை மட்டுமன்றி, வாகனம் செய்த ஆசாரியாரின் அளவுத்தாள், நாடகத்திற்குத் திரைச்சீலை தீட்டியவரின் வரைவு, கையெழுத்துச் சஞ்சிகையில் மாணவர் வரைந்த சித்திரம் ஆகியவற்றையும் அவர்கள் தேடலாம். மூதாதையர் அலுமாரியின் அடித்தட்டைத் திறக்கும் மாணவன், குப்பையென ஒதுக்குமுன் ஒருகணம் நின்று அத்தாளை வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பானாயின், ஏட்டைத் தேடிய பெரியோர் தொடங்கிய பணி தொடர்வதாகும். அத்தாள் தீக்கிரையாகுமுன், கறையானுக்கு இரையாகுமுன், அவ்வொரு கணத்தைக் கற்றோர் உருவாக்குதல் கடனாம்.